கடுமையான நெஞ்சு வலி: உடனே கிளம்புவதா, பொறுத்துப் பார்ப்பதா?

நெஞ்சு வலி வந்ததும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "இது ஹார்ட்டா, கேஸா?" என்பது. இந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து விடை காண முடியாது. அனுபவமுள்ள இதய மருத்துவரே ஈசிஜி எடுக்காமல், இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டார். இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சலாகத் தெரியலாம். குமட்டலாம். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசானது போலவும் தோன்றலாம்.

ஆகவே வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த வலியை ஈசிஜி எடுக்காமல் விட்டுவைக்கலாமா?" இதற்கு விடை காண ஐந்து நிமிடம் போதும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்

இதயத் தசைக்கு ரத்தம் தரும் குழாயில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைப்பதே பெரும்பாலான மாரடைப்புகளில் நடப்பது. முழுதாக அடைத்துக்கொண்டால் சுமார் 20 நிமிடத்திலிருந்து தசை சாகத் தொடங்கும். அடுத்த ஆறு மணி நேரத்துக்குள் அந்தப் பகுதியில் பெரும்பங்கு போய்விடும். செத்த தசை மறுபடி முளைக்காது. அந்த இடம் தழும்பாகி, இதயம் வாழ்நாள் முழுதும் குறைந்த பலத்தோடு இயங்கும். 12 மணி நேரம் வரை அடைப்பை நீக்குவதில் பலன் உண்டு என்றாலும், முதல் இரண்டு மணி நேரத்தில் நீக்குவதற்கு அது ஈடாகாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அடைப்பு விழுந்த முதல் மணி நேரத்தில் இதயத்தின் மின்னோட்டம் தறிகெட்டு, துடிப்பு திடீரென நின்றுபோகலாம். மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பக்கத்தில் இருந்தால் பிழைக்க வைக்க வழி உண்டு. வீட்டுப் படுக்கையறையில் அந்தக் கருவி கிடையாது.

உடனே அழைக்க வேண்டிய வலி

நெஞ்சின் நடுவில் அல்லது இடப்பக்கம் அமுக்குவது, பிழிவது, கல்லைத் தூக்கி வைத்தாற்போல் பாரமாக இருப்பது, எரிவது. இவற்றில் எதுவானாலும் ஓய்வாக உட்கார்ந்தும் ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். விட்டு விட்டு வருகிற வலியும் இந்தக் கணக்கில்தான் சேரும். உறைந்த ரத்தக்கட்டி அடைத்தும் விலகியும் இருக்கும்போது வலியும் அப்படித்தான் வந்து போகும்.

வலியோடு கீழே சொல்பவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்: வலி தோள், இரண்டு கைகளில் ஏதாவது ஒன்று, தொண்டை, கீழ்த்தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவுவது, மூச்சு வாங்குவது, வாந்தி, கண் இருட்டிக்கொண்டு வருவது, குப்பென்று வேர்ப்பது. இந்த வியர்வையைத் தனியாகக் கவனியுங்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பனியன் நனைந்து முதுகில் ஒட்டும். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தால் ஈரமாகவும் சில்லென்றும் இருக்கும். வெயிலில் வரும் வியர்வையில் தோல் சூடாக இருக்கும், இது அப்படியல்ல. முகமும் வெளிறிப் போயிருக்கும்.

"எங்கே வலிக்குது?" என்று கேட்கும்போது நோயாளியின் கையைப் பாருங்கள். ஒற்றை விரலால் ஒரு புள்ளியைக் காட்டாமல், உள்ளங்கையை விரித்தோ முஷ்டியை மடக்கியோ நெஞ்சின் நடுவில் வைத்தால் அது இதய வலியாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். விரலால் காட்டிவிட்டார் என்பதற்காக இதயம் இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது.

வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். சர்க்கரை நோய் பல வருடமாக உள்ளவர்களுக்கு நரம்புகள் மழுங்கிப் போயிருப்பதால் வலி தெரியாமலே போகலாம். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மூச்சுத் திணறல், சொல்லத் தெரியாத அசதி, வாந்தி, தாடை வலி என்று வேறு வேடத்தில் வருவதுண்டு. "அம்மாவுக்குக் காலையிலேர்ந்து ஒரே அசதி, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்று ஒரு வீட்டில் சொன்னால், அம்மாவுக்குச் சர்க்கரையும் இருந்தால், அன்றைக்கே ஈசிஜி எடுத்தாக வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் சமையலை முடித்துவிட்டுத்தான் வலியைச் சொல்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்லும்போது ஏற்கெனவே நேரம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முப்பதுகளில் மாரடைப்பு வருவது நம் நாட்டில் அபூர்வமல்ல. புகைபிடிப்பவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதிலேயே வந்த குடும்பம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

இதய வலிக்காக ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்கு அளவுகோல் சற்று வேறு. நடந்தால் வந்து, நின்றால் அடங்கும் பழகிய வலி என்றால் உட்கார்ந்து, மருத்துவர் எழுதித் தந்த நாக்கடி மாத்திரை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 108. ஓய்வில் இருக்கும்போதே வந்தாலோ, முன்பு அரை கிலோமீட்டர் நடந்து வந்த வலி இப்போது வாசலுக்குப் போவதற்குள் வந்தாலோ, அது பழகிய வலி இல்லை.

மாரடைப்பு இல்லாவிட்டாலும் உயிருக்கு ஆபத்தானவை

தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில் இருக்கும், கிழிப்பது போன்ற, முதுகுக்குப் பாயும் வலி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் சுவர் கிழிந்ததால் இருக்கலாம். இதில் ஆஸ்பிரின் கொடுத்தால் கேடு. அறுவை சிகிச்சை, பிரசவம், நெடுநாள் படுக்கை, நெடும் பயணம் இவற்றுக்குப் பிறகு திடீர் மூச்சுத் திணறலும், மூச்சை இழுத்தால் குத்தும் வலியும் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா பாருங்கள்; காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒல்லியான இளைஞருக்கு ஒரு பக்கம் சுரீரென்று குத்தி மூச்சு முட்டினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். மூன்றுக்கும் அதே 108தான்.

அவ்வளவு அவசரமில்லாத வலி

சில நொடி மட்டும் சுருக்கென்று குத்திவிட்டு மறைவது, விரலால் அழுத்தினால் அதே இடத்தில் அதே வலி வருவது, உடம்பைத் திருப்பினால் மட்டும் பிடிப்பது போன்றவை பெரும்பாலும் தசை, விலா எலும்பு சம்பந்தப்பட்டவை. ஒரே பக்கம் பட்டையாக எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் வந்தால் அக்கி. இப்படிப்பட்ட வலியைப் பகலில் மருத்துவரிடம் காட்டலாம். ஆனால் மேலே சொன்ன வியர்வையோ மூச்சு வாங்குவதோ சேர்ந்திருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

வந்து, தானாகவே அடங்கிவிட்ட வலியை என்ன செய்வது? கடந்த 12 மணி நேரத்துக்குள் பத்து நிமிடமோ அதற்கு மேலோ அமுக்கும் வலி இருந்து இப்போது இல்லை என்றால், இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுங்கள். ஓரிரு நாளுக்கு முன் என்றாலும் இன்றைக்கே. அடங்கியது என்பதால் முடிந்துவிட்டது என்று பொருளில்லை.

ஏமாற்றும் சோதனைகள்

கோவிட்டுக்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி பல வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலான மாரடைப்பில் அது 97, 98 என்றே காட்டும். பிபியும் சரியாகவே இருக்கலாம். கைக்கடிகாரத்தில் எடுக்கும் ஈசிஜி துடிப்பின் ஒழுங்கைப் பார்ப்பதற்கானது. ஒரே கோணத்திலிருந்துதான் இதயத்தைப் பார்க்கும். மருத்துவமனை ஈசிஜி 12 கோணத்திலிருந்து பார்க்கிறது. இந்த மூன்றும் சரியாக இருப்பதை வைத்து யாரையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜெலுசில் குடித்ததும் குறைந்தது, ஓமத்தண்ணீர் குடித்ததும் குறைந்தது என்பதும் சோதனை ஆகாது. இதைவிடக் கேடு, தெருமுனைக் கிளினிக்கில் ஒரு கேஸ் ஊசியும் ஒரு வலி ஊசியும் போட்டுக்கொண்டு திரும்புவது. வலி மட்டும் மங்கும். அடைப்பு அப்படியே இருக்கும். ஈசிஜி எடுக்க வசதியில்லாத இடத்தில் நெஞ்சு வலிக்கு நிற்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை, வரிசையாக

முதலில் எல்லா வேலையையும் நிறுத்தி உட்கார வையுங்கள். முதுகுக்குத் தலையணை வைத்து, முழங்காலை லேசாக மடக்கிச் சாய்ந்திருப்பது நல்லது. மயக்கம் வருகிறது என்றால் மட்டும் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்.

உடனே 108. இலங்கையில் 1990. இரண்டும் கட்டணமில்லாதவை. சொல்ல வேண்டியது சுருக்கமாக இருக்கட்டும்: "ஐம்பத்தாறு வயசு ஆண், நெஞ்சு வலி, இருபது நிமிஷமா இருக்கு, வேர்க்குது, சுயநினைவு இருக்கு." பிறகு மாவட்டம், ஊர், தெரு, பளிச்சென்று தெரியும் ஓர் அடையாளம். வீட்டு எண்ணைவிட "பெருமாள் கோயில் பின்பக்கம், தண்ணி டேங்க் எதிர்ச் சந்து" என்பதே ஓட்டுநருக்கு உதவும். அவர்கள் திரும்ப அழைப்பார்கள். அந்தப் போனில் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒருவர் தெருமுனைக்குப் போகட்டும். வாசல் விளக்கு எரியட்டும், நாயைக் கட்டுங்கள்.

ஆம்புலன்ஸ் வர நெடுநேரமாகும் என்று அவர்களே சொன்னால், வேறொருவர் ஓட்டும் காரில் கிளம்பலாம். நோயாளி தானே வண்டி ஓட்டக் கூடாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதும் வேண்டாம். வழியில் நினைவு தப்பினால் மூன்று பேரும் விழுவீர்கள்.

வலி எப்போது தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவமனையில் சிகிச்சையை முடிவு செய்வதற்கு இந்த நேரம் தேவைப்படும். பதற்றத்தில் "ராத்திரியிலேர்ந்து" என்றுதான் வாயில் வரும்.

படியிறங்க விடாதீர்கள். மாடி வீடு என்றால் உறுதியான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஒருவர் முதுகுப் பக்கமும் ஒருவர் முன்கால்களையும் பிடித்து இறக்குங்கள். கழிவறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். மாரடைப்பில் வயிற்றைக் கலக்குவது போலிருக்கும், "பாத்ரூம் போயிட்டு வந்தா சரியாயிடும்" என்று எழுவார்கள். குந்தி உட்கார்ந்து முக்கும்போது பிபி ஏறி இறங்கும். உள்ளே தாழ்ப்பாள் போட்ட நிலையில் விழுந்தால் கதவை உடைப்பதற்குள் நேரம் போய்விடும்.

காபி, சோடா, சாப்பாடு எதுவும் வேண்டாம். மாத்திரை விழுங்க ஒரு வாய் தண்ணீர் போதும்.

ஆஸ்பிரின்

ஆம்புலன்ஸை அழைத்த பிறகு, அழைப்பதற்கு முன்பல்ல, 300 மி.கி. அளவு ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்க வேண்டும். 75 மி.கி. என்றால் நான்கு, 150 மி.கி. என்றால் இரண்டு, 325 மி.கி. என்றால் ஒன்று. வீட்டில் பெரியவர்கள் தினம் போடும் சிறு மாத்திரையில் குடலில் போய்க் கரைவதற்கான பூச்சு இருக்கும். மெல்லாமல் விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். அதனால்தான் மென்று விழுங்கச் சொல்கிறோம். அட்டையில் ஆஸ்பிரினோடு வேறு மருந்துப் பெயரும் சேர்ந்திருந்தால் அது கலவை மாத்திரை; அதை நான்கு ஐந்து என்று கொடுக்க வேண்டாம்.

ஆஸ்பிரின் ஒவ்வாதவர், ரத்த வாந்தி, கறுத்த மலம் போனவர், கை கால் இழுத்துக்கொண்டு பேச்சுக் குழறுபவர், கிழிக்கும் முதுகு வலி உள்ளவர், 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் 108இல் பேசுபவரிடமே கேளுங்கள். மாத்திரை இல்லை என்று அதைத் தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். டோலோவோ டைக்ளோஃபெனாக்கோ இதற்கு மாற்று இல்லை.

நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை "ஹார்ட் அட்டாக் மாத்திரை" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அது ரத்தக் குழாயை விரித்து பிபியைச் சட்டென்று இறக்கும் மருந்து. இதயத்தின் வலது அறையைப் பாதிக்கும் மாரடைப்பில் இது ஆளையே வீழ்த்திவிடும். ஆண்மைக் குறைவுக்குப் போடும் மாத்திரைகளான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரமோ, டடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரமோ ஆகாதவருக்கும் ஆபத்து. தனக்கென்று மருத்துவர் எழுதித் தந்தவர் மட்டும், உட்கார்ந்த நிலையில் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மாத்திரை வேண்டாம். பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்பதும், மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீர் அடைப்பை நீக்கும் என்பதும் பொய்.

நினைவிழந்து விழுந்துவிட்டால்

துடிப்பு நிற்கும்போது சில நொடி கை கால் வெட்டி இழுக்கலாம். வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதில் அந்தப் பொன்னான நிமிடம் போய்விடுகிறது. தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, பத்து நொடி பார்த்தும் நெஞ்சு ஏறி இறங்கவில்லை, அல்லது கரையில் போட்ட மீன் போல எப்போதாவது வாயைத் திறந்து இழுக்கிறார் என்றால் அது சுவாசம் ஆகாது. உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

மெத்தையில் வைத்து அழுத்தினால் அழுத்தம் மெத்தைக்குத்தான் போகும். தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கை மடங்காமல் 5 செ.மீ. ஆழம், 6 செ.மீ.க்கு மிகாமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்து ஆழம் குறையும், ஆளை மாற்றுங்கள். விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டாலும் நிறுத்தாதீர்கள்.

எந்த மருத்துவமனை

பக்கத்தில் உள்ளது எது என்று மட்டும் பார்க்காமல், அங்கே என்ன செய்ய முடியும் என்றும் பார்க்க வேண்டும். கேத் லேப், அதாவது ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கும் அறை, 24 மணி நேரமும் இயங்கும் இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போக முடியும் என்றால் அங்கேயே போவது நல்லது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து அடைப்பை நேரடியாகத் திறப்பார்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. தூரம் அதிகம் என்றால் ஈசிஜியும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் உள்ள அருகிலிருக்கும் மருத்துவமனைக்கு முதலில் போக வேண்டும். ஈசிஜி பார்த்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்காது என்றால் ஊசியே முதல் சிகிச்சை.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மருந்தாக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வீட்டிலேயே ஆஸ்பிரின் போட்டிருந்தால் எத்தனை, எப்போது என்று சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் ஓபி சீட்டு வரிசையில் நிற்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போய் "நெஞ்சு வலி" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. தாமதமானால் கேளுங்கள், தப்பில்லை. எடுத்த தாளைப் போனில் படம் பிடித்து வையுங்கள். அடுத்த மருத்துவமனைக்கு அது உதவும்.

முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். மாரடைப்பின் தொடக்கத்தில் அப்படி இருக்கலாம். வலி நீடித்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுப்பார்கள். ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் அதையும் இரண்டாம் முறை பார்த்தால்தான் நம்பலாம்.

ஊசியா, ஆஞ்சியோபிளாஸ்டியா என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்கும்போது பல குடும்பங்கள் "பெரியவர் வரட்டும்" என்று நிறுத்துகின்றன. அங்கே போகிற அரை மணி நேரத்தில் சாவதும் இதயத் தசைதான். கூட வந்தவரே கையெழுத்துப் போடலாம். கையெழுத்துக்கு முன் இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்: எப்போதாவது மூளையில் ரத்தக் கசிவு, ஆறு மாதத்துக்குள் பக்கவாதம், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை அல்லது தலைக்காயம், ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை. முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசி போட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். உடல் அதற்கு எதிர்ப்பை உண்டாக்கியிருக்கும், இரண்டாம் முறை அதையே போடக் கூடாது. ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் ஈசிஜி மாறவில்லை என்றால் கேத் லேப் உள்ள இடத்துக்கு உடனே மாற்ற வேண்டும். மாறினாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுத்து ரத்தக் குழாயைப் பார்ப்பது முறை.

இன்றைக்கே செய்து வைக்க

வீட்டில் யாருக்கும் வலி இல்லாத ஒரு மாலையில், அருகிலுள்ள இரண்டு மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு, "ராத்திரி ரெண்டு மணிக்கும் கேத் லேப் உண்டா? இல்லைன்னா கட்டி கரைக்கிற ஊசி இருக்கா?" என்று கேட்டு எழுதி வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் பழைய ஈசிஜி, தினம் போடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை விவரம், ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்களைப் போடுங்கள். ஆஸ்பிரின் அட்டை ஒன்றையும் அதில் வைத்து, காலாவதி மாதத்தை உறையின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். பீரோவுக்குள் பூட்டாமல், வாசல் பக்கம் எல்லோர் கைக்கும் எட்டும் ஆணியில் மாட்டுங்கள்.